லி பாயின் 'சுவாங்': கட்டிலா, கிணற்றுத் தடுப்பா?

வணக்கம். தாங் காலச் சீனக் கவிஞர் லி பாயின் 'அமைதியான இரவில் நினைவு' கவிதையைத் தமிழாக்கும்போது, முதல் சொல்லான 'சுவாங்' கட்டிலா, கிணற்றைச் சுற்றிய தடுப்பா என்று கேட்டிருந்தீர்கள். கிணற்றுத் தடுப்பு என்பது இட்டுக்கட்டிய பொருளல்ல. 'பின்தோட்டத்தில் கிணறு தோண்டி, வெள்ளியால் சுவாங் அமைத்து' என்று லி பாய்க்கு முந்தைய பாடலிலேயே வருகிறது. அவருடைய 'சாங்கான்' பாட்டில் சிறுவன் மூங்கில் குதிரையேறி வந்து சுவாங்கைச் சுற்றுவானே, அங்கே நானும் கிணற்றடி என்றே கொள்வேன்.

ஆனால் இந்தக் கவிதையில் கட்டிலை விட்டுவிடாதீர்கள். சுவாங்கின் முன் விழும் நிலவொளியைத் தரையில் படிந்த உறைபனியோ என்று ஐயுறுகிறான் கவிஞன். உறைபனி வெளியில்தானே படியும் என்பது கிணற்றுத் தடுப்பு என்பாரின் வாதம். அறைக்குள் படியாது என்பதால்தான் அந்த ஐயமே இவ்வளவு அழகு! தூக்கம் கலைந்தவனின் கண் அது.

இன்னொன்று: சீனாவின் சோங் அரசமரபுக் கால (10–13ஆம் நூற்றாண்டு) பதிப்புகளில் முதல் அடி 'ஒளிமிகு நிலவு' அல்ல, 'நிலவொளியைப் பார்க்கிறேன்'. இவற்றில் எந்தப் பாட வடிவத்தை எடுத்தீர்கள் என்று அடிக்குறிப்பில் சொல்லிவிடுங்கள்.