மக்கும் தட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கத்தான் வேண்டுமா?

பயனீட்டாளர் கேள்வி-பதில்

கேள்வி: மார்ச் பள்ளி விடுமுறையில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிற்குச் செல்லவிருக்கிறோம். சிங்கப்பூரில் நமக்கு வசந்த காலம் என்று ஒன்று இல்லாவிட்டாலும், சாலையோர டிரம்பெட் மரங்கள் பூக்கத் தொடங்கும் இந்த மாதங்களில் வெளியே போகாமல் இருக்க மனம் வரவில்லை. குப்பை சேர்க்காமல் போய்வர விரும்புகிறேன். கடையில் "மக்கும்", "தாவரத்திலிருந்து தயாரானது" என்று அச்சிட்ட தட்டு, குவளை, கரண்டி எல்லாம் சாதாரணப் பொருள்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு விலை. வாங்கலாமா? – செங்காங் வாசகி

பதில்: வேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பொருள்கள் மக்கக்கூடியவையாகவே இருக்கலாம். ஆனால் அவை மக்குவதற்கான வாய்ப்பு இங்கே அநேகமாக இல்லை. பூங்காவின் குப்பைத் தொட்டியில் போடுவதும் வீட்டுக் குப்பைக் குழாயில் போடுவதும் எரியாலைக்குச் சென்று சாம்பலாகி, பின்னர் கடல்வழியாக செமாக்காவ் நிலநிரப்புத் தளத்தைச் சென்றடைகின்றன. சோளமாவிலிருந்து தயாரான குவளையும் சாதாரண பிளாஸ்டிக் குவளையும் ஒரே உலையில்தான் எரிகின்றன. பிஎல்ஏ எனப்படும் அந்தத் தாவரப் பிளாஸ்டிக் ஒழுங்காக மக்குவதற்குச் சுமார் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தொடர்ந்து காக்கும் உரம் தயாரிப்புக்கூடம் தேவை. காற்றில் பறந்து கடலில் விழுந்தால் அது மற்ற பிளாஸ்டிக்கைப் போலவே நெடுநாள் கிடக்கும். எல்லாம் எரிக்கப்படும் நம் சூழலில், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கின் இடத்தில் ஒருமுறை பயன்படுத்தும் வேறொரு பொருளை வைப்பது சுற்றுப்புறத்திற்கு நன்மை தரும் என்று சொல்வதற்கில்லை என்றே தேசியச் சுற்றுப்புற வாரியமும் கூறிவந்துள்ளது. 1999இல் செயல்படத் தொடங்கிய செமாக்காவ் 2035ஆம் ஆண்டுவாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளதால், நாம் எதை எறிகிறோம் என்பதைவிட எவ்வளவு எறிகிறோம் என்பதே முக்கியம்.

காகிதத் தட்டு மேலல்லவா என்று சிலர் நினைக்கக்கூடும். தட்டின் ஓரத்தை மெதுவாகக் கிழித்துப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் ஒளி ஊடுருவும் மெல்லிய படலம் ஒன்று இழுபட்டுத் தனியே வரும். குழம்பு ஊறாமல் தடுப்பது அந்தப் பிளாஸ்டிக் படலம்தான். அது இல்லாத தட்டாக இருந்தாலும், இட்லிப்பொடியும் நல்லெண்ணெய்யும் பட்டபின் அதை நீல நிற மறுபயனீட்டுத் தொட்டியில் போடக்கூடாது. உள்ளே இருக்கும் நல்ல காகிதத்தையும் அது கெடுத்துவிடும்.

தேக்கா வட்டாரக் கடைகளில் விற்கும் பாக்கு மட்டைத் தட்டு இவற்றைவிட நேர்மையான பொருள். உதிர்ந்த மட்டையைக் கழுவி நனைத்துச் சூடான அச்சில் அழுத்திச் செய்வதால் அதற்குப் படலம் தேவைப்படுவதில்லை. ஆயினும் இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்து, அரை மணி நேரம் பயன்பட்டு, அதே உலைக்குத்தான் அதுவும் போகிறது. கோயில் அன்னதானம்போல் நூற்றுக்கணக்கானோர் உண்ணும் இடத்திற்கு அது பொருந்தும். மூன்று குடும்பங்களுக்கு வீட்டு அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் தட்டுகளே போதும். சாப்பிட்டு முடித்ததும் பழைய நாளிதழால் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் துணிப்பையில் கட்டிக்கொண்டால், எம்ஆர்டி ரயிலில் திரும்புவோருக்கும் அது பெரிய சுமையன்று. புளியோதரை, தயிர்சாதம், இட்லி என்று குழம்பில்லாத உணவாகக் கொண்டுபோனால் கரண்டிக்கும் வேலையில்லை; கை இருக்கிறது.

குடிநீருக்கும் இதே கணக்குதான். நம் குழாய்நீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் பெரிய கலனில் நிரப்பி எடுத்துச் செல்லுங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வரும் திட்டத்தின்கீழ், 150 மில்லிலிட்டர் முதல் 3 லிட்டர் வரையிலான பிளாஸ்டிக் போத்தல் பானங்களுக்கும் உலோகக் கலன் பானங்களுக்கும் தலா 10 காசு முன்பணம் செலுத்த வேண்டும். முன்பணச் சின்னமுள்ள வெற்றுக் கலனைத் திருப்பிக் கொடுத்தால்தான் அந்தக் காசு கிடைக்கும். ஆகவே பூங்காவில் குடித்தாலும் போத்தலை நசுக்காமல் திரும்ப எடுத்துவருவது நல்லது.

கேள்வி: தென்தீவுகளுக்குச் செல்லும்போது பூசிக்கொள்ள "பவளப்பாறைக்குப் பாதுகாப்பானது" என்று எழுதிய சன்ஸ்கிரீனும், "முற்றிலும் இயற்கையானது" என்று எழுதிய கொசுவிரட்டிக் கைப்பட்டையும் பார்த்தேன். நம்பலாமா? – பாசிர் ரிஸ் வாசகர்

பதில்: முதல் வாசகத்திற்கு உலகெங்கும் ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் இல்லை, எந்த நிறுவனமும் தன் விருப்பப்படி அச்சிடலாம். ஆகையால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தில் உள்ள சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். பவளங்களுக்குத் தீங்கு செய்யக்கூடும் என்ற கவலையால் ஹவாய் மாநிலம் 2021 முதல் ஆக்ஸிபென்சோன், ஆக்டினோக்சேட் ஆகிய இரண்டில் ஏதேனும் ஒன்று கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையைத் தடை செய்துள்ளது. அவ்விரண்டும் இல்லாத, துத்தநாக ஆக்ஸைடை அடிப்படையாகக் கொண்ட வகையைத் தேர்ந்தெடுக்கலாம். அதைவிட எளிய வழி, முழுக்கை நீச்சல் சட்டை அணிவது. அதை ஆண்டுக்கணக்கில் உடுத்தலாம், பூச வேண்டிய பரப்பும் முகம், கழுத்து, புறங்கை, கால் என்று சுருங்கிவிடும்.

கொசு விஷயத்தில் நான் சமரசத்திற்குத் தயாராக இல்லை. டெங்கி உள்ள ஊரில் விரட்டி வேலை செய்தாக வேண்டும். டீட், பிக்காரிடின், ஐஆர்3535 இவற்றுள் ஒன்று செயல்பொருளாக இருக்கிறதா என்று பாருங்கள். இத்தகைய பட்டைகளில் வழக்கமாகச் சேர்க்கப்படும் சிட்ரொனெல்லா என்ற புல் எண்ணெய்யின் பலன் விரைவில் தீர்ந்துவிடும். கையில் கட்டிய பட்டை காலைக் காக்காது.

கேள்வி: "100 விழுக்காடு மறுபயனீட்டு இழை" என்று விளம்பரப்படுத்தப்பட்ட கூடாரம் ஒன்றை உள்ளூர் இணையக் கடையில் வாங்கினேன். இரண்டு மாதங்களில் தையல் பிரிந்துவிட்டது. சலுகை விலைப் பொருள் என்பதால் பணத்தைத் திருப்பித் தர முடியாது என்கிறார்கள். – ஈசூன் வாசகர்

பதில்: சலுகை விலை என்பது ஒரு காரணமே ஆகாது. "லெமன் சட்டம்" என்று பரவலாக அழைக்கப்படும், 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, பொருள் கைக்கு வந்த ஆறு மாதங்களுக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாகக் கருதப்படும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது விற்பவரின் பொறுப்பு. முதலில் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேளுங்கள். ஒரு கூடாரத்தைத் தைத்து மீண்டும் பயன்படுத்துவது, புதியது வாங்குவதைவிடச் சுற்றுப்புறத்திற்கும் நல்லது. நியாயமான காலத்திற்குள் அது நடக்கவில்லை என்றால் விலைக்குறைப்போ பணமோ கோரலாம். நீங்கள் கவனக்குறைவாகக் கையாண்டதால் தையல் பிரிந்திருந்தால் இந்த உரிமை கிடையாது.

இழை பற்றிய வாசகம் தனிக் கதை. எந்தச் சான்றிதழின் அடிப்படையில் அப்படிச் சொன்னார்கள் என்று எழுத்து மூலம் கேளுங்கள். விளம்பரப் பக்கம் மாறிவிடும் முன்பே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பொய்யான, திசைதிருப்பும் கூற்று, பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தக) சட்டத்தின்கீழ் நியாயமற்ற நடைமுறையாகும். கடைக்காரர் அசையாவிட்டால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதுவும் பலிக்கவில்லை என்றால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை இரண்டு ஆண்டுகளுக்குள் அங்கே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அடுத்த முறை புதுக் கூடாரம் தேடுமுன், பழையதை விற்பவர் யாரேனும் இருக்கிறார்களா என்று பாருங்கள். ஆனால் தனிநபரிடம் வாங்கும் பொருளுக்கு லெமன் சட்டம் பொருந்தாது என்பதால், பணம் கொடுக்கும் முன்பே விரித்து நிறுத்தித் தையலைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பார்பிக்யூவுக்குத் தேங்காய் ஓட்டுக் கரி நல்லதா, மரக்கரி நல்லதா? – தெம்பனிஸ் வாசகி

பதில்: தேங்காய் ஓட்டுக் கரியை வாங்குங்கள், எப்படியும் மிஞ்சும் ஓட்டிலிருந்து செய்வதால் அதற்காக மரம் வெட்ட வேண்டியதில்லை. முன்பதிவு செய்த அடுப்பில் மட்டுமே மூட்டுங்கள், புல்தரையில் வைக்கும் தகரத்தட்டு அடுப்பு வேண்டவே வேண்டாம். மீந்த கரியைப் பையோடு வீட்டுக்குக் கொண்டுவந்தால் அடுத்த முறைக்கு ஆகும்.