கல்பாசிக்கும் தேவாங்குக்கும் என்ன சொந்தம்?

கேள்வி: கோழிக் குழம்புக்குக் கல்பாசி தாளிக்கும்போது முதல் நாள் டிவியில் பார்த்த தேவாங்கு ஞாபகம் வந்தது. இரண்டும் மரத்தோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கிறதே, ஏதாவது சம்பந்தம் உண்டா? "ஒன்று செடி, ஒன்று குரங்கு, என்ன சம்பந்தம்?" என்று சிரிக்கிறார் வீட்டுக்காரர்.
– வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முதல் வார்த்தையிலேயே உங்கள் வீட்டுக்காரர் அவுட். கல்பாசி செடி இல்லை. பெயரில்தான் பாசி, உடம்பில் பெரும்பகுதி பூஞ்சை; அதற்குள் குடியிருக்கும் பச்சைப் பாசி வெயிலில் சர்க்கரை சமைத்துத் தருகிறது, பூஞ்சை அதைக் காயாமல் பொத்தி வைத்துக்கொள்கிறது. 1860களில் சுவிட்சர்லாந்துக்காரர் சைமன் சுவெண்டனர் இதைச் சொன்னபோது அந்தத் துறைக்காரர்களே நம்பவில்லை.

விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. பரிணாமக் கணக்கில் பூஞ்சைகள் செடிகொடிகளைவிட விலங்குகளுக்குத்தான் நெருக்கம். அப்படிப் பார்த்தால் கல்பாசியின் பூஞ்சைக்கு, அது ஒட்டியிருக்கும் மரத்தைவிடத் தேவாங்கு கிட்டத்துச் சொந்தம். கிட்டத்து என்றால் சுமார் 100 கோடி வருடத்துக்கு முந்தைய பாட்டன் வழி, கல்யாணப் பத்திரிகை வைக்கிற அளவுக்கு இல்லை!

சரி, அசையாமல் கிடப்பது? தேவாங்கு பகலில்தான் சுருண்டு தூங்கும். ராத்திரியில் கிளை கிளையாக மெதுவாக நகர்ந்து மரப்பிசின், பூந்தேன், பூச்சி என்று தேடித் தின்னும், ஆபத்து என்று பட்டால் அப்படியே உறைந்துவிடும். சிங்கப்பூர்க் காட்டில் அபூர்வமாகக் கண்ணில் படுகிற இனமும், 2022இல் கடவூர்ப் பக்கம் சரணாலயம் அறிவித்தார்களே அந்தத் தமிழ்நாட்டுத் தேவாங்கும் ஒன்றல்ல. அது ஒல்லி, நம் சிங்கப்பூர்த் தேவாங்கு குண்டு. போதாததற்கு விஷம் வேறு. முழங்கை அருகே கையின் உட்புறம் கசியும் எண்ணெயை நக்கி எச்சிலோடு கலந்து கடிக்கும். கிச்சுகிச்சு மூட்டினால் கையைத் தூக்குகிறது என்று வாட்ஸ்அப்பில் வீடியோ அனுப்புகிறார்களே, அது கொஞ்சல் இல்லை, பயத்தில் ஆயுதத்தை எடுக்கப் பார்க்கிறது.

கல்பாசிக்கு அந்த வம்பெல்லாம் இல்லை. வேர் கிடையாது, தண்ணீரும் தாதுச்சத்தும் மழையிலிருந்தும் காற்றிலிருந்தும்தான், அதனாலேயே கந்தகப் புகை பட்டால் கல்பாசி போன்ற இனங்களில் பல செத்துவிடும்.

உங்கள் புளோக்குக்குக் கீழே தூங்குமூஞ்சி மரம் இருந்தால் பட்டையைப் பாருங்கள், சுண்ணாம்பு தெறித்ததுபோல வெளிறிய திட்டுகள் இருக்கும், அவற்றில் பல கல்பாசியின் பங்காளிகள். தாளிக்கச் சுரண்டிவிடாதீர்கள், தேக்காச் சந்தையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.