ஒருசந்தி எந்த நாள், சுத்தபோசனம் எந்த நாள்?

கேள்வி: சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட்) குடும்பத்தில் வளர்ந்து கத்தோலிக்க வீட்டுக்கு மருமகளாக வந்தவள் நான். தவக்காலம் 40 நாள் என்கிறார்கள். காலண்டரில் எண்ணினால் 46 வருகிறது. ஒருசந்தி எல்லா நாளுமா? பெரிய வெள்ளிப் பூசை எத்தனை மணிக்கு?

பதில்: நீங்கள் எண்ணியது சரிதான். 2026-இல் சாம்பல் புதன் பிப்ரவரி 18, பெரிய சனி ஏப்ரல் 4. இரண்டையும் சேர்த்து 46 நாள். நடுவில் வரும் 6 ஞாயிறுகளும் இயேசு உயிர்த்ததை நினைக்கும் நாள்கள், நோன்புக் கணக்கில் வராது. மீதி 40.

ஒருசந்தி கட்டாயம் சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. ஒரு வேளை வயிறாரச் சாப்பிடலாம். மற்ற இரு வேளை கொஞ்சம். அந்த இரண்டையும் கூட்டினாலும் ஒரு முழுச் சாப்பாடு ஆகக் கூடாது. 18 வயது நிரம்பியதிலிருந்து 59 நிரம்பும் வரை இது பொருந்தும். நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்களுக்கு விலக்கு உண்டு. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர் வீம்புக்குப் பட்டினி கிடந்து மயங்கி விழுவதைத் திருச்சபை கேட்கவில்லை.

சுத்தபோசனம் வேறு. 14 வயது நிரம்பிய எல்லாரும் அந்த இரு நாளிலும் தவக்கால வெள்ளிகளிலும் இறைச்சியை விடுவது அது. மீன், முட்டை, பாலுக்குத் தடையில்லை. வஞ்சிரம் வறுவலோடு 'சுத்தபோசனம்' இருப்பது சட்டப்படி சரி; நோன்பு என்று சொல்லிக்கொள்ளத்தான் கூச்சமாக இருக்கும். உங்கள் மாமியார் 40 நாளும் கவிச்சி தொடுவதில்லை என்றால் அது வீட்டு வழக்கம், கட்டளை அல்ல.

பெரிய வெள்ளியன்று பூசையே கிடையாது. பிற்பகல் 3 மணியளவில் திருப்பாடுகளின் வழிபாடு நடக்கும்; உங்கள் பங்குக் கோயிலில் நேரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அன்று தரும் நற்கருணை (அப்பம்) வியாழன் மாலைப் பூசையிலேயே அர்ச்சிக்கப்பட்டது. இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும், நீங்கள் பழகிய ஆராதனையை இங்கே எதிர்பார்க்காதீர்கள். தொடக்கத்தில் பாட்டு இல்லை, மணி இல்லை. சிவப்பு உடையில் வரும் குருவானவர் வெறும் பீடத்தின் முன் முகங்குப்புற விழுந்து கிடப்பார். இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துப் புதிதாக வருகிறவர்கள் பேசிக்கொண்டிருப்பது இந்த இடத்தில்தான். உடனே முழங்காலிடுங்கள்.

இப்படி மௌனமாகத் தொடங்குவதன் காரணம் முந்தின நாளில் இருக்கிறது. வியாழன் பூசை பாதம் கழுவுவதோடு முடிவதில்லை. நற்கருணையை வேறிடத்துக்கு எடுத்துச் செல்வார்கள், பீடத்துணிகளை அகற்றுவார்கள், இறுதி ஆசீர் இல்லாமலே மக்கள் கலைவார்கள். வியாழன் மாலை, வெள்ளி, சனி இரவு மூன்றும் ஒரே வழிபாடு என்பதால்தான் இப்படி. வெள்ளிக்கு மட்டும் வந்தால் நடுவில் நுழைந்தது போலத்தான்.

சனிக்கிழமை பாஸ்கா திருவிழிப்பு (ஈஸ்டருக்கு முந்தின இரவுப் பூசை) இருட்டிய பிறகே தொடங்கும். பழைய ஏற்பாட்டு வாசகங்கள் 7. குறைத்தாலும் செங்கடலைக் கடந்த பகுதியை விட மாட்டார்கள். நேரம் இழுக்கும், குழந்தைகளுக்கு முன்னதாகவே சாப்பாடு கொடுத்துவிடுங்கள். கைமெழுகுதிரிக்கு அடியில் ஒரு காகித அட்டை செருகினால் மெழுகு புடவையில் சொட்டாது. இந்தப் பூசை கண்டவர்களுக்கு ஞாயிறு கடமை முடிந்தது.

குருத்து ஞாயிறன்று வாங்கி வரும் ஓலையை அடுத்த ஆண்டுவரை படத்தின் பின்னால் செருகி வையுங்கள். சாம்பல் புதனுக்கு முன் கோயிலில் கேட்பார்கள். அதை எரித்துத்தான் சாம்பல் எடுப்பது.