நீளமான கோப்புறைப் பெயர்களை இன்ஸ்டாலர் எப்படிக் கையாள வேண்டும்?

யாழ்ப்பாணத்துக் கடைகளுக்குக் கணக்கு மென்பொருள் செய்கிறீர்கள். வாடிக்கையாளர் நீளமான தமிழ்ப் பெயருள்ள கோப்புறையைத் தெரிவுசெய்தால் நிறுவல் பாதியில் நிற்கிறது. பெயரின் நீளத்துக்கு எல்லை போட்டால் போதுமா என்று கேட்கிறீர்கள். போதாது. டிரைவிலிருந்து கோப்பின் பெயர் வரையான முழுப் பாதைக்கும் எல்லை இருக்கிறது.

விண்டோஸின் பழைய கணக்கில் அது 260 குறிகள், பாதை முடிந்ததைக் காட்டும் வெற்றுக் குறியும் (null) அதற்குள் அடக்கம். கோப்புறை உருவாக்க 248 தான். விண்டோஸ் 10 இன் 1607 பதிப்பிலிருந்து இதைத் தளர்த்தலாம். ஆனால் ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு), செயலியின் மேனிஃபெஸ்ட் (செயலியோடு வரும் விவரக் கோப்பு) இரண்டிலும் அனுமதி வேண்டும். கடைக்காரரின் கணினியில் அது இருக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

உங்கள் பொதிக்குள் உள்ள மிக நீண்ட உட்பாதையை முன்கூட்டியே அளந்து, பயனர் தரும் பாதையோடு கூட்டிப் பாருங்கள். மீறினால் "அடுத்து" பொத்தானிலேயே தடுத்துவிடுங்கள். அரைவாசிக் கோப்புகளை நகலெடுத்த பிறகு சொல்வது சரியான வதை, அழிப்பதற்கும் ஆள் வேண்டும்.

எண்ணும்போது கண்ணை நம்பவேண்டாம். "யாழ்ப்பாணம்" நமக்கு ஆறு எழுத்து. யூனிகோட்டில் புள்ளியும் காலும் தனித்தனிக் குறிகள் என்பதால் 11 குறிகள், விண்டோஸ் அப்படித்தான் எண்ணும். பின்னாளில் லினக்ஸுக்குப் போனால் அங்கே பெயர்களைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், அதே பெயர் 33 பைட். லினக்ஸின் கோப்பு முறைமையான ஈஎக்ஸ்டி4 இல் ஒரு பெயருக்கு 255 பைட் மட்டுமே, அதாவது ஏறக்குறைய 85 தமிழ்க் குறிகள்.

திரையில் காட்டும்போது பாதையின் வாலை வெட்டாமல் நடுவில் புள்ளிகள் இடுங்கள். டிரைவும் கடைசிக் கோப்புறையும் தெரிய வேண்டும். இயல்பாகத் தரும் பாதையில் நிறுவனப் பெயர், மென்பொருள் பெயர், பதிப்பு என்று மூன்றடுக்குக் கட்டுவது வீண் பெருமை. ஒன்று போதும்.