படைப் பயிற்சியில் பயிற்றுநரின் எதிர்பார்ப்பு: உறுப்பினர் கேள்விகளும் பதில்களும்

டெல் அவிவ் பல்கலைக்கழக உளவியலாளர் டோவ் ஈடன், பயிற்றுநரின் எதிர்பார்ப்பு வீரரின் தேர்ச்சியை மாற்றுமா என்று இஸ்ரேலியப் படையில் நடத்திய ஆய்வுகள் பற்றி உறுப்பினர்கள் கேட்டவற்றுக்கு, நிறுவன உளவியல் பாடம் நடத்துபவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

ஈடன் உண்மையில் என்னதான் செய்தார், ஐயா? சற்று விரிவாகச் சொல்லுங்கள்.

ஆபிரகாம் ஷானியுடன் சேர்ந்து அவர் 1982-இல் வெளியிட்ட ஆய்வு, படைத்தலைமைப் பயிற்சிக்கு வந்த 105 வீரர்களைப் பற்றியது. வீரர்கள் வந்து சேர்வதற்கு முன்பே நான்கு பயிற்றுநர்களுக்கும் ஒரு பெயர்ப்பட்டியல் கொடுக்கப்பட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரின் தலைமைத் திறன் 'உயர்வு' என்றும், இன்னொரு பங்கினருடையது 'சாதாரணம்' என்றும், மீதிப் பேரைப் பற்றி 'போதிய தகவல் இல்லை' என்றும் குறிக்கப்பட்டிருந்தது. பயிற்றுநர்கள் அதை மனப்பாடமே செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ஆனால் யாருக்கு எந்தக் குறிப்பு என்பது சீட்டுக் குலுக்கிப் போட்டது போலத் தீர்மானிக்கப்பட்ட ஒன்று. வீரர்களின் திறமைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. 15 வாரப் பயிற்சியின் முடிவில், 'உயர்வு' என்று குறிக்கப்பட்டவர்களே தேர்வுகளில் தெளிவாக முன்னே நின்றார்கள். பயிற்சியைப் பற்றியும் பயிற்றுநரைப் பற்றியும் கூடுதலான நல்லெண்ணத்தோடு பேசியவர்களும் அவர்கள்தாம். தேர்ச்சி வேறுபாட்டில் ஏறத்தாழ 73 விழுக்காட்டை எதிர்பார்ப்பே விளக்கிவிடுகிறது என்று ஆய்வு கூறியது. நான்கே பயிற்றுநர்களை வைத்துக் கிடைத்த இந்த எண்ணை நான் அப்படியே தூக்கிப் பிடிக்க மாட்டேன். பிற்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்கு இதைவிடச் சிறிய விளைவே கிடைத்தது; எனினும் மற்றப் பணியிடங்களைவிடப் படையில் அது வலுவாகவே இருந்தது.

பிடித்தவர்களுக்குப் பயிற்றுநரே மதிப்பெண்ணை வாரி வழங்கியிருக்கலாமே?

நியாயமான ஐயம். ஆனால் அளவுகோலாக எடுத்துக்கொள்ளப்பட்டவை பயிற்றுநரின் மனப்பதிவுகள் அல்ல, புறவயமான தேர்வுகள். ஈடனும் ராவிடும் நடத்திய இன்னோர் ஆய்வில், பயிற்சியின் பாதியில் பயிற்றுநர்கள் மாற்றப்பட்ட பிறகும் விளைவு கலையவில்லை.

மனத்தில் இருக்கும் நினைப்பு வீரனின் கைக்கு எப்படிப் போய்ச் சேருகிறது?

பள்ளிக்கூடங்களை ஆராய்ந்த ராபர்ட் ரோசந்தால் இதற்கு நான்கு வழிகளைச் சொன்னார்: கனிவான சூழல், கூடுதலான கற்பிப்பு, பேசவும் செய்து காட்டவும் கூடுதல் வாய்ப்பு, நுணுக்கமான பின்னூட்டம். துப்பாக்கியைப் பிரித்துப் பூட்டும் வகுப்பைக் கற்பனை செய்து பாருங்கள். ஒருவன் தடுமாறும்போது, அவனிடம் சரக்கு இருக்கிறது என்று நம்பும் பயிற்றுநர் அருகில் வந்து, "அந்த ஸ்பிரிங்கை முதலில் வை, இன்னொரு தடவை செய்" என்கிறார். நம்பாதவர் "சரி, அடுத்த ஆள்" என்று நகர்ந்துவிடுகிறார். 15 வாரங்களில் இந்த அரை நிமிட வித்தியாசம் எத்தனை முறை நிகழும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

சிலரை உயர்த்தினால் மற்றவர்கள் அமுங்கிப் போக மாட்டார்களா?

ஈடனுக்கும் அந்தக் கேள்வி இருந்தது. 1990-இல் வெளிவந்த ஆய்வில் 29 பிளட்டூன்களை (சில பத்து வீரர்கள் கொண்ட படைக்குழுக்களை) எடுத்துக்கொண்டு, தனி வீரர்களைப் பிரிக்காமல், சில பிளட்டூன்களின் தலைவர்களிடம் முழுக் குழுவுமே திறன் மிக்கது என்ற எதிர்பார்ப்பை ஊட்டினார். அக்குழுக்கள் மற்றவற்றைவிட நன்றாகச் செய்தன. ஒருவரைத் தாழ்த்தித்தான் இன்னொருவரை உயர்த்த முடியும் என்பதில்லை என்று இதிலிருந்து தெரிந்தது.

உடற்தகுதித் தேர்வில் பின்தங்கியவர்களுக்கு இதனால் பயன் உண்டா?

உண்டு. இது எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு. ஓஸ், ஈடன் இருவரும் 1994-இல், பாராசூட் படையில் சிறு பிரிவுகளை நடத்தும் செக்‌ஷன் தலைவர்கள் சிலரிடம், தொடக்கத் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெறுவது திறமையின்மைக்கு அடையாளம் அல்ல என்று மட்டும் சொல்லி வைத்தார்கள். அத்தலைவர்களின் கீழ் இருந்த பின்தங்கிய வீரர்கள், மற்றக் குழுக்களில் இருந்த அதே நிலையினரைவிட அதிகம் முன்னேறினார்கள்.

பெண் வீரர்களிடமும் இதே முடிவா?

1995-இல் வந்த ஆய்வுப்படி, ஆண் தலைவரின் கீழ் இருந்த பெண்களிடம் விளைவு தெரிந்தது. பெண் தலைவரின் கீழ் இருந்த பெண்களிடம் தெரியவில்லை.

அப்படியானால் எல்லாப் பயிற்றுநருக்கும் இதை ஒரு பட்டறையில் கற்றுக்கொடுத்துவிடலாமே?

ஈடன் குழுவினர் அதையும் செய்து பார்த்தார்கள். ஏழு கள ஆய்வுகளிலும் சேர்த்துக் கிடைத்த பலன் சொற்பமே. ஏற்கெனவே பழகிய ஆளைப் பற்றிய கருத்தை ஒரு பட்டறையால் அசைப்பது கடினம் என்பதே என் எண்ணம். வீரனைப் பார்ப்பதற்கு முன் விதைக்கப்படும் எதிர்பார்ப்புதான் வேர் பிடிக்கிறது. ஆகவே பயிற்சி முகாம் நடத்தும் உறுப்பினர் எவரேனும் என்னிடம் கேட்டால், பழைய மதிப்பெண் பட்டியலை முதல் சில வாரங்களுக்குப் பயிற்றுநரின் கையில் கொடுக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன்.