நோய்க்காலம் மட்டுமே காரணமா?

கேள்வி: 2021ஆம் ஆண்டு நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது எங்கள் தோட்டத்தில் ஒரு மாணவி உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று காப்பாற்றப்பட்டாள். கோவிட் காலத்தில் எல்லா ஊரிலும் அப்படித்தான் என்று பேசி முடித்துவிட்டார்கள். அது உண்மையா? இப்போது அவளிடம் அதைப் பற்றிக் கேட்கலாமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: எல்லா ஊரிலும், எல்லாக் காலத்திலும் அப்படி இல்லை. 21 நாடுகளின் கணக்குகளை ஆராய்ந்தபோது, 2020இல் தொற்றின் முதல் மாதங்களில் எந்த நாட்டிலும் தற்கொலை மரணங்கள் தெளிவாகக் கூடியதாகத் தெரியவில்லை. ஜப்பானில் அவை 2020 பிப்ரவரி முதல் ஜூன் வரை 14 விழுக்காடு குறைந்து, ஜூலை முதல் அக்டோபர் வரை 16 விழுக்காடு உயர்ந்தன. ஆபத்து புதிதாய் வரும்போது அக்கம்பக்கம் துணை நிற்கிறது, உதவித்தொகையும் கைக்கு வருகிறது; மாதங்கள் நீண்டு, சேமிப்பு கரைந்து, பள்ளியும் திறக்காமல், வீட்டுச் சண்டையிலிருந்து ஒதுங்கி நிற்க ஓரிடமும் இல்லாமல் போகும்போதுதான் மனம் உடைகிறது என்று எண்ணுகிறேன். நம் மலேசியக் காவல்துறை பதிவுசெய்த தற்கொலை மரணங்கள் 2019இல் 609, 2020இல் 631. மக்கள் உதவி கேட்டு வெள்ளைக் கொடி கட்டிய 2021இலோ 1,142.

முயற்சிகளைத் தனியே பார்க்க வேண்டும். அமெரிக்காவில் தற்கொலை முயற்சி என்ற ஐயத்தில் அவசர சிகிச்சைக்கு வந்த 12 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகள், 2021 பிப்ரவரி-மார்ச் வாரங்களில், 2019இன் அதே வாரங்களைவிட 51 விழுக்காடு அதிகம்; ஆண்பிள்ளைகளிடம் அந்த ஏற்றம் மிகச் சிறியது. இங்கே 2023இல் நீக்கப்படும் வரை, உயிர் பிழைத்தவரையே ஓராண்டுவரை சிறைக்கு அனுப்பக்கூடிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இருந்ததால், குடும்பங்கள் நடந்ததை வெளியே சொல்லவே அஞ்சின.

நோய்க்காலத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டால் அந்தப் பெண்ணின் சொந்த வேதனை கேட்கப்படாமலே போய்விடும். முன்பு ஒருமுறை முயன்றவருக்குப் பிறகும் ஆபத்து உண்டு. கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடும் என்பதற்கோ ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. ஆகவே தனியாக இருக்கும்போது, "அந்த நினைப்பு இப்பவும் வருதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். ஆம் என்றால் திட்டாமல், சத்தியம் வாங்காமல், பொறுமையாகக் கேட்டுக்கொண்டு அருகில் இருங்கள். ஆபத்தான பொருள்களை வீட்டார் பூட்டிவைக்கட்டும். சுகாதாரக் கிளினிக்கிற்கு நீங்களும் உடன் செல்லுங்கள். சுகாதார அமைச்சின் மனநல உதவி எண் 15555. மனவேதனையில் இருப்போருக்குச் செவிசாய்க்கும் பிஃப்ரெண்டர்ஸ் (Befrienders) அமைப்பை 03-7627 2929 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999.