1923 ஃபோர்டு மாடல் டி-க்கு 1926 கியர் பாக்ஸ் பொருந்துமா?

கேள்வி: அமெரிக்காவில் இருக்கிறேன். 1923 மாடல் டி ஒன்றை ஓடும் நிலைக்குக் கொண்டுவருகிறேன். 1926 காரின் கியர் பாக்ஸ் ஒன்று விலைக்கு வருகிறது. அதில் பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்கிறார் விற்பவர். வாங்கி மாட்டலாமா?

பதில்: விற்பவர் சொல்வது பொய் இல்லை. ஆனாலும் வாங்காதீர்கள்.

மாடல் டி கியர் பாக்ஸில் மூன்று டிரம்கள் (சுழலும் உருளைகள்), ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பேண்ட், அதாவது இறுக்கினால் டிரம்மைப் பிடித்து நிறுத்தும் பட்டை. இடது பெடலை மிதித்தால் லோ கியர், நடுவில் ரிவர்ஸ், வலது பக்கம் பிரேக். கைலீவரை முன்னால் தள்ளி இடது பெடலை முழுக்க விட்டால் டாப் கியர். லோ கியரில் 2.75 மடங்கு, ரிவர்ஸில் 4 மடங்கு இழுவை கிடைக்கும். ஃபோர்டு இந்தக் கணக்கைக் கடைசி வரை மாற்றவில்லை. மாற்றியதெல்லாம் அதைச் சுற்றி இருந்தவற்றைத்தான். முதலில் வந்த சில நூறு கார்களில் இரண்டே பெடல்கள், ரிவர்ஸுக்குத் தனி லீவர். மூன்றாவது பெடல் 1909-இலேயே வந்துவிட்டது.

உங்களுக்கு வேண்டிய மாற்றம் 1926 மாடலில் வந்தது. 1⅛ அங்குலமாக இருந்த பிரேக் பேண்டை 1¾ அங்குலமாக அகலப்படுத்தினார்கள். அந்த அகல டிரம்முக்கு அதற்கான மேல்மூடியும் வேண்டும். அந்த மூடியோ எஞ்சின் பிளாக்கின் பின்புறத்திலும் போல்ட் போட்டு நிற்பது; உங்கள் 1923 பிளாக்கில் அதற்கு இடமே கிடையாது. ஒன்றைத் தொட்டால் இன்னொன்று என்று செலவு இழுத்துக்கொண்டே போகும்.

அதைவிட முக்கியமான ஒன்று. பேண்ட் எவ்வளவு அகலமானாலும் அது பிடிப்பது கியர் பாக்ஸுக்குள்தான், சக்கரத்தை அல்ல. நடுவில் டிரைவ் ஷாஃப்ட், பினியன் (அதன் முனையிலுள்ள சிறு பற்சக்கரம்), பின் ஆக்சில் எல்லாம் இருக்கின்றன. ஆக்சிலுக்குள் ஃபோர்டு போட்ட பாபிட் (மென்மையான உலோகக் கலவை) வாஷர்கள் வயதாகி நொறுங்கும். நொறுங்கினால் பினியனின் பற்கள் ஆக்சில் பற்சக்கரத்தை விட்டு விலகும். பெடலை எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. சரி, கைலீவர் இருக்கிறதே என்பீர்கள். உங்கள் வண்டியில் அது தள்ளுவது லைனிங் (பிடிப்பதற்கான உராய்வுப் படலம்) இல்லாத வெறும் இரும்பு பிரேக் ஷூவை. நிறுத்திய வண்டி உருளாமல் இருக்கத்தான் அது உதவும்.

ஆகவே அந்தப் பணத்தில் முதலில் பின் ஆக்சிலைப் பிரித்து வெண்கல வாஷர் போடுங்கள். அடுத்து, சக்கரத்தையே நேராகப் பிடிக்கும் ராக்கி மவுண்டன் வகைப் பிரேக்கைப் பின்சக்கரங்களில் பொருத்துங்கள். பழைய பிரேக் பெடலோடே அதை இணைத்துவிடலாம்.

அப்புறம் பேண்ட் லைனிங். பருத்தி மெதுவாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும். உதிரும் நூல் எண்ணெய்க் குழாயை அடைக்கவும் செய்யும். கெவ்லார் (வலுவான செயற்கை இழை) நெடுநாள் உழைக்கும். டிரம்மில் விரிசல் இல்லையென்றால் என் ஓட்டு கெவ்லாருக்கே. ஆனால் பெடலை அரைகுறையாக மிதித்து உரசவிட்டே ஓட்டாதீர்கள், டிரம் சூடேறிக் கெடும்.

லோ பேண்டை வெளியிலிருந்தே முறுக்கலாம். ரிவர்ஸுக்கும் பிரேக்குக்கும் மேல்மூடியின் கதவைத் திறக்க வேண்டும். திறந்த கையோடு டிரம்களுக்கு மேல் துணியை நன்றாக அடைத்துவிட்டு நட்டைத் தொடுங்கள். உள்ளே விழுந்த நட்டை எடுக்காமல் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.